நீண்ட இடைவெளிக்குப் பின் மண்பாதை மோட்டார்சைக்கிள் ஓட்டம்

தார்ச்சாலையை விட்டு விலகி செம்மண், மணல், சரளை, சேறு, பாறை ஆகியவற்றின் மேல் மோட்டார்சைக்கிள் ஓட்டுவது மண்பாதை ஓட்டம் ஆகும். 'ஆஃப்-ரோடு' என்ற சொல்லே பேச்சில் பெருவழக்கு. இளவயதில் இதில் ஊறித் திளைத்தவர்களில் பலர் வேலை, திருமணம், பிள்ளைகள் என்று ஆனபின் விட்டுவிடுகின்றனர். பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்து அவர்களில் சிலர் மீண்டும் தொடங்குகின்றனர். இப்படித் திரும்புபவர் புதிதாகக் கற்பவர் அல்லர். பழைய ஓட்டக்காரரும் அல்லர். அவருக்கு வரும் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த இரண்டுங்கெட்டான் நிலையிலிருந்தே பிறக்கின்றன.

பின்னணி

மோட்டார்சைக்கிள் தோன்றிய காலத்தில் நல்ல சாலைகளே குறைவு என்பதால் எல்லா ஓட்டமும் ஒருவகையில் மண்பாதை ஓட்டமாகவே இருந்தது. வண்டியின் உறுதியைச் சோதிக்கும் பன்னாட்டு ஆறுநாள் போட்டி 1913இல் இங்கிலாந்தில் தொடங்கியது. 1924இல் அதே நாட்டின் கேம்பர்லியில் நடந்த போட்டியை மோட்டோகிராஸ் விளையாட்டின் தொடக்கமாகக் கருதுவர். 1978 திசம்பர் இறுதியில் பாரிசிலிருந்து புறப்பட்ட முதல் தக்கார் பந்தயம் பாலைவனத்தையும் இதற்குள் கொண்டுவந்தது. 2015இல் பெங்களூரைச் சேர்ந்த சி. எஸ். சந்தோஷ் தக்கார் பந்தயத்தை முடித்த முதல் இந்தியரானார். 2024இல் கேரளத்தின் ஹரித் நோவா அதே பந்தயத்தின் ராலி 2 பிரிவில் முதலிடம் பெற்றார்.

இப்போது நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருக்கும் இந்திய ஓட்டக்காரர்களில் பலருக்கு மண்பாதை என்றாலே நினைவுக்கு வருவது யமஹா ஆர்எக்ஸ் 100. 1985 முதல் 1996 வரை இங்கு தயாரிக்கப்பட்ட இந்த 98 சிசி வண்டி மண்பாதைக்காக வடிவமைக்கப்பட்டதல்ல. ஆயினும் எடை ஏறத்தாழ 100 கிலோதான், முறுக்கினால் பாயும், விழுந்தால் ஒற்றை ஆளே தூக்கிவிடலாம். சைலன்சரை மாற்றி, மட்கார்டைக் கழற்றி, பட்டன் டயர் போட்டு உள்ளூர் டர்ட் டிராக் பந்தயங்களில் ஓட்டினார்கள். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபின் டூ ஸ்ட்ரோக் மோட்டார்சைக்கிள்கள் இந்தியச் சந்தையை விட்டு மறைந்தன. அவற்றோடு சேர்ந்து ஒரு தலைமுறையின் பொழுதுபோக்கும் ஓய்ந்தது.

சாலைக்கும் மண்ணுக்கும் ஏற்ற வண்டிகள் நடுத்தர விலையில் இந்தியாவில் வரத் தொடங்கியது 2010களில்தான். 2011இல் வந்த ஹீரோ இம்பல்ஸ் போதிய விற்பனையின்றி நின்றுபோனது. 2016இல் ராயல் என்ஃபீல்டு இமாலயன், 2019இல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, 2020இல் கேடிஎம் 390 அட்வென்ச்சர் ஆகியவை வந்தன. பழைய ஓட்டக்காரர்களுக்கு மீண்டும் ஒரு வாசல் திறந்தது இவற்றால்தான்.

மறக்காததும் மறைந்துபோனதும்

நீச்சலையும் மிதிவண்டியையும் போலவே மோட்டார்சைக்கிள் ஓட்டுவதும் செயல்முறை நினைவில் தங்கும் திறன். கிளட்சை எந்தக் கணத்தில் விடுவது, பின்சக்கரம் வழுக்கும்போது ஹேண்டிலை எப்பக்கம் திருப்புவது என்பனவற்றை ஓட்டுபவர் எண்ணிப் பார்த்துச் செய்வதில்லை. இருபது ஆண்டு கழிந்தாலும் அரைமணி நேரத்தில் கை தானாகவே செய்யத் தொடங்கிவிடும்.

ஆபத்து இருப்பதும் இங்கேதான். திறன் நினைவில் நிற்கிறது. அதைத் தாங்கிய உடல் நிற்பதில்லை. பயிற்சி இல்லாதவர்களிடம் உடல் ஆக்சிசனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் முப்பது வயதுக்குப்பின் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு குறைகிறது. தசை குறைகிறது. கண்டதற்கும் கை செயல்படுவதற்கும் இடையிலான நேரம் சற்றே நீள்கிறது. நாற்பதைக் கடந்தவர்க்கு வெள்ளெழுத்தும் சேர்ந்துகொள்ளும். மண்பாதைக்கான காகிள்ஸுக்குள் மூக்குக்கண்ணாடி நுழையாமல் தவிப்பது திரும்பி வருபவர்களின் முதல்நாள் அனுபவங்களில் ஒன்று. கண்ணாடிக்கு மேல் அணியும் அகலமான காகிள்ஸ் தனியாகக் கிடைக்கின்றன.

ஒரு பள்ளத்தைத் தாண்ட என்ன வேகம் வேண்டும் என்று மூளை கணிப்பது இருபத்தைந்து வயது உடலை வைத்து. தாண்டியபின் இறங்குவதோ நாற்பத்தைந்து வயது முழங்கால். முழுப் புதியவர் அந்தப் பள்ளத்தின் பக்கமே போகமாட்டார். அந்த வகையில், திரும்பி வருபவரின் முதல் சில வாரங்கள் புதியவருடையதைவிட ஆபத்தானவை எனலாம்.

இந்த ஓட்டத்தில் வண்டிதான் வேலை செய்கிறது, ஓட்டுபவர் உட்கார்ந்திருக்கிறார் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பதுண்டு. 2010இல் வெளியான ஒரு கனடிய ஆய்வு, மண்பாதையில் மோட்டார்சைக்கிள் ஓட்டும்போது உடலின் ஆக்சிசன் செலவு ஓய்வு நிலையைவிட ஏறத்தாழ 6 மடங்கு என்று அளந்தது. அத்துடன் தலைக்கவசம், மார்புக்கவசம், முழங்கால்வரை பூட்ஸ் ஆகியவற்றுடன் தமிழ்நாட்டு வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பை இங்கே ஆடம்பரம் அல்ல.

முன்கை இறுக்கம்

திரும்பி வருபவர் உடலில் முதலில் கைவிடுவது பெரும்பாலும் முன்கை. ஓட்டக்காரர்கள் இதை 'ஆர்ம் பம்ப்' என்பர். ஹேண்டிலை இறுகப் பிடிக்கப் பிடிக்க முன்கைத் தசைகளுக்குள் இரத்தம் பாய்ந்து அவை பருக்கின்றன. அவற்றைச் சூழ்ந்துள்ள உறை எளிதில் விரிவதில்லை. உள்ளே அழுத்தம் கூடுவதால் இரத்தம் வெளியேறுவது தடைப்படுகிறது. சில நிமிடங்களில் முன்கை கல்லாகிவிடும். விரல்களுக்கு பிரேக்கையும் கிளட்சையும் இழுக்கும் வலு இருக்காது. போட்டி வீரர்கள் சிலர் உறையைக் கீறிவிடும் அறுவை சிகிச்சைவரை போகிறார்கள்.

பொழுதுபோக்காக ஓட்டுபவர்க்குத் தீர்வு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பிடி இறுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் கால்கள் வேலை செய்யாததுதான். ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று, முழங்கால்களால் டேங்கைக் கவ்வி, இடுப்பைச் சற்றுப் பின்தள்ளி நின்றால் உடலின் எடை கால்வழியே இறங்குகிறது. அப்போது ஹேண்டிலைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை, வழிகாட்டினால் போதும். நின்று ஓட்டத் தொடைக்கும் முதுகுக்கும் வலு வேண்டும். வண்டி வாங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே குந்தி எழும் பயிற்சியும் நடையும் தொடங்குவது, பின்னால் வாங்கப்போகும் எந்த உதிரிபாகத்தையும்விடப் பயன் தரும்.

மாறிவிட்ட வண்டி

டூ ஸ்ட்ரோக் வண்டியில் பழகியவர் இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் ஏறும்போது கைப்பழக்கமே எதிராளி ஆகிறது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு வலு உயர்ந்த சுழற்சியில்தான் வரும். எனவே கிளட்சைப் பாதி பிடித்தபடி எஞ்சினை அலறவிடுவது அன்றைய முறை. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இழுவை கீழ்ச் சுழற்சியிலேயே கிடைக்கிறது. அலறவிட்டால் பின்சக்கரம் மண்ணைத் தோண்டிக்கொண்டு நிற்கும். இறக்கத்தில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. டூ ஸ்ட்ரோக்கில் த்ராட்டிலை மூடினாலும் வண்டி உருண்டுகொண்டே போகும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் எஞ்சினே பிரேக் போலப் பிடிக்கிறது. செங்குத்தான இறக்கத்துக்கு இது பெரிய உதவி. சறுக்கும் சரளையில் பழைய பழக்கப்படி த்ராட்டிலைச் சட்டென்று மூடிவிட்டு, பின்பிரேக்கையும் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் இழுத்துவிடும்.

அடுத்தது எடை. எக்ஸ்பல்ஸ் 200 ஏறத்தாழ 154 கிலோ. 2023இல் வந்த இமாலயன் 450 ஏறத்தாழ 196 கிலோ. ஆர்எக்ஸ் 100 ஓட்டியவர்க்கு இரண்டாவது வண்டி இரண்டு வண்டிகளுக்குச் சமம். சேற்றில் மூன்றுமுறை சாய்த்துத் தூக்கியபின் நாலாவது முறை தூக்க ஆள் தேட வேண்டியிருக்கும். கடைக்காரர் வேறு சொன்னாலும், திரும்பி வருபவர் எடை குறைந்த வண்டியில் தொடங்குவதே நல்லது. விழுந்த வண்டியைத் தூக்கும்போது இருக்கையில் முதுகைச் சாய்த்து, முகத்தை வெளிப்புறம் வைத்து, கால்களின் வலுவால் பின்னோக்கி நடந்து நிமிர்த்தினால் இடுப்பு பிடித்துக்கொள்ளாது.

ஈடாகக் கிடைத்திருப்பது சஸ்பென்ஷன். எக்ஸ்பல்ஸின் முன்சக்கரம் 190 மி.மீ. வரை மேலும் கீழும் நகரும்; முன்சக்கரத்தின் அளவு 21 அங்குலம். அன்று வேகம் குறைத்துத் தாண்டிய குழிகளை இந்த வண்டி விழுங்கிக்கொண்டு போகும். இதில் ஒரு பொறி உண்டு. வேகம் உணரப்படாமலே கூடுகிறது.

ஏபிஎஸ் என்பது திரும்பி வருபவர் பலர் முன்பு கண்டிராத ஒன்று. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு இது கட்டாயம். தார்ச்சாலையில் உயிர்காக்கும் இந்த அமைப்பு தளர்ந்த மண்ணில் வேறுமாதிரி நடந்துகொள்கிறது. பூட்டிக்கொண்ட சக்கரம் முன்னால் மண்ணைக் குவித்து நிற்கும். ஏபிஎஸ் அதைப் பூட்டவிடாததால் நிற்கும் தூரம் நீளலாம். அதனால்தான் இவ்வகை வண்டிகள் பலவற்றில் பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைத்துவைக்க வசதி இருக்கிறது. சாலைக்குத் திரும்பும்போது அதை மீண்டும் இயக்க வேண்டும். மண்ணுக்காக 30 பிஎஸ்ஐயிலிருந்து 20 அளவுக்குக் குறைத்த டயர் காற்றுக்கும் இதே விதிதான். மிகவும் குறைத்தால் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் டியூப் நசுங்கிக் கிழியும்.

பழைய வண்டியை எழுப்புதல்

கொட்டகையில் நிற்கும் அந்தப் பழைய வண்டியையே எழுப்பி ஓட்ட விரும்புபவர்களும் உண்டு. பல ஆண்டுகள் நின்ற வண்டியில் பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டர் ஜெட்டுகளை அடைத்திருக்கும். ஃபோர்க் ஆயில் சீல்கள் விறைத்திருக்கும். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். பட்டன் தேயாதிருந்தாலும் முதிர்ந்த ரப்பர் பிடிக்காது. டூ ஸ்ட்ரோக்கில் கவனிக்க வேண்டிய மற்றொன்று கிராங்க் சீல். அது காய்ந்திருந்தால் வெளிக்காற்று உள்ளே நுழைந்து எரிபொருள் கலவை மெலிந்து, சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆர்எக்ஸ் 100இல் ஆயிலைத் தனித் தொட்டியிலிருந்து ஊட்டும் பம்ப் ஒன்று உண்டு. மெக்கானிக்குகள் சிலர் அதை நீக்கிவிட்டு ஆயிலைப் பெட்ரோலிலேயே கலக்கச் சொல்வர். அப்படி நீக்கப்பட்ட வண்டியை வாங்கி, வெறும் பெட்ரோல் ஊற்றி எஞ்சினைப் பாழாக்கியவர்கள் பலர். வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

கவசமும் காயமும்

பழைய கவசங்களை நினைவுக்காக வைத்திருக்கலாம், அணியக்கூடாது. தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் தெர்மாகோல் அடுக்கும் ஒட்டுப்பசையும் நாளடைவில் தரம் இழக்கின்றன. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான அறிவுரை. 2000களில் தென்னாப்பிரிக்க மருத்துவர் கிறிஸ் லியட் உருவாக்கிய கழுத்துக் கவசம் திரும்பி வருபவர் பலருக்குப் புதுப்பொருள். பணம் குறைவாக இருந்தால் முதலில் தலைக்கவசம், அடுத்து பூட்ஸ், பிறகு முழங்கால் காப்பு என்ற வரிசையில் வாங்கலாம். பூட்ஸை இரண்டாவதாக வைப்பதற்குக் காரணம், மெதுவாக விழும்போதும் கணுக்கால் வண்டிக்கும் தரைக்கும் இடையில் மாட்டிக்கொள்வதுதான்.

காறை எலும்பு, மணிக்கட்டு, கணுக்கால், முழங்கால் தசைநார் ஆகியவை அடிக்கடி அடிபடும் இடங்கள். வயது கூடக் கூட ஆறும் காலமும் கூடுகிறது. கல்லூரி நாளில் காறை எலும்பு முறிந்தால் ஒரு பருவத் தேர்வு தவறும். நாற்பத்தைந்தில் முறிந்தால் மாதக் கணக்கில் சம்பளம் தவறலாம். வீட்டில் இதைப் பேசாமல் வண்டி வாங்குபவர்கள், முதல் கட்டுப் போட்டபின் பேச வேண்டியிருக்கும். இரத்தம் உறையாமைக்கு மருந்து உட்கொள்பவர்க்குச் சிறிய தலையடியும் மூளைக்குள் இரத்தக் கசிவாக மாறக்கூடும். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. தேர்ந்த வீரர்களும் இதற்கு விலக்கல்லர். 2021 சனவரியில் சவூதி அரேபியாவில் நடந்த தக்கார் பந்தயத்தில் விழுந்த சந்தோஷ் தலைக்காயத்துடன் மருத்துவத் தூக்கத்தில் வைக்கப்பட்டு, பின்னர் தேறி நாடு திரும்பினார்.

அதற்காக வயது ஒரு மதில் என்று கொள்ள வேண்டியதில்லை. 1988, 1989 ஆண்டுகளில் தக்காரில் இரண்டாமிடம் பெற்ற இத்தாலியரான ஃபிராங்கோ பிக்கோ அறுபது வயதைக் கடந்தபின்னும் அதே பந்தயத்தில் மோட்டார்சைக்கிளில் கலந்துகொண்டார்.

முதல் மாதங்கள்

பயிற்சியாளர்கள் திரும்பி வருபவரை முதலில் சமதரையில் நிறுத்துவர். நடை வேகத்தில் எட்டு எண் போடுவது, நின்றபடியே குறுகிய வளைவு எடுப்பது, தளர்ந்த மண்ணில் முன்பிரேக்கை இரண்டு விரலால் மெல்ல அழுத்திச் சக்கரம் பூட்டும் எல்லையைக் கண்டறிவது ஆகியவை தொடக்கப் பயிற்சிகள். பழையவர்களுக்கு இவை அவமானமாகத் தோன்றுவதுண்டு. ஒரு மணி நேரத்தில் வியர்வை சொட்டும்போது அது தீர்ந்துவிடும். கர்நாடகத்தில் கோலார் அருகே சந்தோஷ் அமைத்த பிக்ராக் டர்ட் பார்க் இத்தகைய பயிற்சி தரும் இடங்களில் ஒன்று. களைப்பு தெரிந்தபின் போடும் 'கடைசி ஒரு சுற்று' பலரைக் கீழே தள்ளியிருக்கிறது. தனியாகப் போவதையும் தவிர்க்க வேண்டும்.

எங்கே ஓட்டுவது

உடலும் வண்டியும் சரியானபின் எஞ்சும் சிக்கல் இடம். முன்பு ஓட்டிய வறண்ட ஏரியும் ஊர்ப்புறச் செம்மண் மேடும் இன்று மனைப்பிரிவுகளாகவோ வேலியிட்ட தோப்புகளாகவோ மாறியிருக்கலாம். மிஞ்சியிருக்கும் காட்டுப்பாதைகளில் அனுமதியின்றி நுழைவது தமிழ்நாடு வனச் சட்டம், 1882, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 ஆகியவற்றின்கீழ் குற்றமாகலாம். தனியார் நிலமென்றால் உரிமையாளரிடம் கேட்டுக்கொள்வதே முறை. மழைக்குப்பின் டயர் கிழித்த வரப்பு அடுத்த மழையில் அரித்துப்போகும் என்பதால் விவசாயிகள் மறுப்பதில் நியாயம் உண்டு. பதிவு செய்யப்படாத போட்டி வண்டிகளைப் பொதுச்சாலையில் ஓட்ட இயலாது. வேனில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். போட்டியில் கலந்துகொள்ள விரும்புபவர், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பிடம் உரிமம் பெற வேண்டும். வழக்கமான வாகனக் காப்பீடு பந்தயத்தில் நேரும் சேதத்துக்கு இழப்பீடு தருவதில்லை.