கணினி மேஜை – 9: எரியாத விளக்கு

சென்ற இதழில் ஒலி வராத கணினியைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரம், அற்பமென்று பலரும் அலட்சியம் செய்யக்கூடிய, ஆனால் அனுபவித்தவர்களுக்கு அற்பமாகத் தோன்றாத ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்: விசைப்பலகையில் எரிய வேண்டிய விளக்கு எரியாமற்போவது.

எனக்கு அறிமுகமான பெரியவர் ஒருவர், 40 ஆண்டுகளாகப் புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்தி வருபவர், பார்வை மங்கத் தொடங்கிய பிறகும் அந்தத் தொழிலை விட மனமில்லாமல், வீட்டார் உறங்கும் நேரத்தில் அறை விளக்கைப் போடாமலே வேலை பார்க்கலாம் என்ற எண்ணத்தோடு, எழுத்துகளின் அடியில் ஒளி பரவும் யுஎஸ்பி விசைப்பலகை ஒன்றை வாங்கி வந்தார். அதில் ஸ்க்ரோல் லாக் விசையின்மீது ஒரு சிறு பல்பின் படம் பொறித்திருந்தது. அதை அழுத்தினால் பலகை முழுவதும் ஒளிர வேண்டும். அவருடைய கணினியில் இருப்பது டெபியன் லினக்ஸ், எக்ஸ்எஃப்சிஇ முகப்புடன். "கடையிலே விண்டோஸ்லே போட்டுக் காட்டினான், எரிஞ்சுது தம்பி. வீட்டுக்குக் கொண்டுவந்து செருகினா கண்ணைத் திறக்கவே மாட்டேங்குது" என்றார். திருப்பிக் கொடுத்துவிடலாமென்று ரசீதையும் எடுத்து வைத்திருந்தார்.

விசையும் விளக்கும் ஒரே பலகையில் அருகருகே இருப்பதனால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உள்ளேயே ஒரு கம்பி ஓடுகிறது என்று நாம் சுபாவமாக எண்ணிவிடுகிறோம். உண்மையில், இன்ன விசை அழுத்தப்பட்டது என்று கணினிக்குத் தெரிவிப்பதோடு பலகை தன் கடமையை முடித்துக்கொள்கிறது. அந்தச் செய்தியைப் பெற்ற மென்பொருள் அதற்குப் பொருள் கண்டு, விளக்கை ஏற்றும்படி திரும்ப ஒரு கட்டளை அனுப்பினால்தான் விளக்கு எரியும். 1981இல் ஐபிஎம் நிறுவனத்தின் முதல் பிசி வெளிவந்தபோது அதன் விசைப்பலகையில் இந்த விளக்குகளே இல்லை; பலகைக்குக் கட்டளை அனுப்பும் மார்க்கமும் அதில் இல்லை. 1984இல் வந்த ஏடி கணினியில்தான் பேச்சு இருவழியாயிற்று. கணினி முதலில் 237 என்ற எண்ணை அனுப்பும்; 'விளக்குகளைப் பற்றிச் சொல்லப்போகிறேன்' என்பது அதன் பொருள். அடுத்து வரும் எண்ணில் ஸ்க்ரோல் லாக்குக்கு 1, நம் லாக்குக்கு 2, கேப்ஸ் லாக்குக்கு 4. மூன்றும் எரிய வேண்டுமானால் கூட்டி 7. யுஎஸ்பி வந்த பிறகு நம் லாக் 1, கேப்ஸ் லாக் 2, ஸ்க்ரோல் லாக் 4 என்று வரிசை மாறியதே தவிர, கணினி சொன்னால்தான் எரியும் என்ற தர்மம் மாறவில்லை.

ஆகவே பழுது பலகையிலா, கட்டளை அனுப்பும் இடத்திலா என்பதைத்தான் முதலில் நிச்சயிக்க வேண்டும். கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். முகப்பு மறைந்து, வெறும் எழுத்துகள் மட்டும் தெரியும் கறுப்புத் திரை வந்தது. இந்தத் திரையில் விசைப்பலகை நேராக, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் ஆட்சியில் இருக்கிறது. ஸ்க்ரோல் லாக் என்றால் ஓடும் வரிகளை நிறுத்துவது என்ற பழைய பொருளையும் கெர்னல் மறக்கவில்லை. விசையைத் தொட்டதும் பலகை முழுவதும் நீலமாக ஒளிர்ந்தது. பெரியவர் ஒன்றும் பேசாமல் ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

முகப்புக்குத் திரும்பியதும் பழைய இருட்டுத்தான். டெர்மினலில் எக்ஸ்செட் என்ற கட்டளையோடு க்யூ என்ற எழுத்தைச் சேர்த்துக் கேட்டால், எந்த லாக் எந்த நிலையில் இருக்கிறது என்பதை, முகப்பைத் திரையில் வரைந்து தரும் எக்ஸ் சர்வர் பட்டியலிட்டுக் காட்டும். கேப்ஸ் லாக்கை அழுத்திவிட்டுக் கேட்டபோது 'ஆன்' என்றது. ஸ்க்ரோல் லாக்கை எத்தனை முறை அழுத்திக் கேட்டாலும் 'ஆஃப்' என்றே பதில் வந்தது. முகப்பு நடக்கும்போது கெர்னல் விளக்குகளின் பொறுப்பை எக்ஸ் சர்வரிடம் விட்டுவிடுகிறது. எக்ஸ் சர்வரோ, ஷிஃப்ட், கண்ட்ரோல் போன்றவை அடங்கிய மாற்றுவிசைக் கணத்தில் ஸ்க்ரோல் லாக்கைச் சேர்க்காமலே வைத்திருக்கிறது. நிலையே பிறக்காதபோது விளக்கு எங்ஙனம் எரியும்? எக்ஸ்மோட்மேப் என்ற கருவியால், பொதுவாகக் காலியாகக் கிடக்கும் மோட்3 என்ற இடத்தில் ஸ்க்ரோல் லாக்கைச் சேர்த்துவிட்டால் விசை உயிர்பெற்றுவிடும். ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். ஆரம்பத்தில் தானே இயங்கும் கட்டளைகளோடு சேர்த்து வைப்பது உசிதம்.

இங்கே வேறோர் எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். திரை உறைந்து நிற்கும்போது நம் லாக்கை அழுத்தி, விளக்கு மாறவில்லை என்றால் கணினியே இறந்துவிட்டதாகத் தீர்மானித்து மின்சாரத்தைத் துண்டிக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. விளக்கை ஆள்வது எக்ஸ் சர்வராக இருக்கையில், அது மட்டும் மயங்கியிருக்க, கெர்னல் கோப்புகளை வட்டில் எழுதிக்கொண்டிருக்கக்கூடும். அந்த நேரத்தில் மின்சாரத்தைப் பிடுங்குவது பெரும் அனர்த்தம். கெர்னலே வீழ்ந்தால், பிஎஸ்/2 வகைப் பலகைகளில் கேப்ஸ் லாக், ஸ்க்ரோல் லாக் இரண்டும் சேர்ந்து விட்டுவிட்டு மினுக்கும். யுஎஸ்பி பலகைகளில் அந்த அடையாளத்தை எதிர்பார்க்க முடியாது.

பெரியவருக்கு நான் மோட்3 வழியைச் செய்து கொடுக்கவில்லை. அவர் இன்ஸ்கிரிப்ட் அமைப்பில் தமிழை எழுதிப் பழகியவர். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறும்போது எந்த மொழியில் இருக்கிறோம் என்பது தெரியாமல், ஒரு வரி முழுவதையும் அடித்துவிட்டு அழிப்பது அவருக்கு நித்திய அவஸ்தையாக இருந்தது. எக்ஸ்கேபி என்ற விசைப்பலகை ஒழுங்கில், இரண்டாவது மொழி நடப்பில் இருக்கும்போதெல்லாம் ஸ்க்ரோல் லாக் விளக்கை எரியச் செய்வதற்கென்றே ஒரு விதி உண்டு. டெபியனில் விசைப்பலகையின் அமைப்புகளைக் குறித்துவைக்கும் கோப்பில் ஆங்கிலத்தை முதலாவதாகவும், இன்ஸ்கிரிப்ட் தமிழை இரண்டாவதாகவும் எழுதி, மொழி மாற்றத்துக்கு ஆல்ட்டும் ஷிஃப்டும் என்று குறித்து, அந்த விதியையும் சேர்த்தேன். தமிழ்99 பழகியவர்களுக்கு இந்த ஏற்பாடு முழுமையாகப் பயன்படாது. இரட்டிக்கும் மெய்க்குத் தானே புள்ளி வைக்க, முந்திய எழுத்தை நினைவில் வைத்திருக்கும் ஐபஸ் போன்ற உள்ளீட்டு முறை வேண்டும், எக்ஸ்கேபிக்கு அந்த ஞாபகம் கிடையாது. ஐபஸ் வழியாக எழுதும்போது எக்ஸ்கேபியைப் பொறுத்தவரை மொழியே மாறுவதில்லையாதலால், இந்த விதியினால் விளக்கும் எரியாது.

கணினியை மூடித் திறந்தோம். அறை விளக்கை அவரே எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, ஆல்ட்டையும் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினார். பலகை முழுவதும் ஒளி பரவியது. இன்னொரு முறை அழுத்தினார், அணைந்தது. "அப்போ, தமிழ்லே இருந்தா வெளிச்சம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மறுபடியும் அழுத்தி, பாதியில் நின்றிருந்த ஒன்பதாம் அத்தியாயத்தைத் திறந்தார்.

(தொடரும்)