வேருக்குள் ஒரு முளை: அகதியின் பல்லும் ஜேர்மன் சட்டமும்

வுப்பர்டால் நகரின் எல்பர்ஃபெல்ட் பகுதிக்கு மருத்துவ வரலாற்றில் தனியிடம் உண்டு. இங்கிருந்த பாயர் நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலேயே 1897 ஆம் ஆண்டு அஸ்பிரின் மருந்து தூய நிலையில் ஆக்கப்பட்டது. அதே எல்பர்ஃபெல்டில் 1932 இல் கெர்ஹார்ட் டொமாக் என்பார் புரொன்ரோசில் என்ற சிவப்புச் சாயப்பொருளைச் சோதித்து, உடலினுள் புகுந்த கிருமிகளை மருந்தினால் அடக்கலாம் எனக் காட்டினார். 1939 இல் அவருக்கு நொபெல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அதனை ஏற்க ஹிட்லரின் அரசு விடவில்லை. 1947 இலேயே பதக்கம் அவர் கைக்கு வந்தது. வலிக்கு ஒன்றும் கிருமிக்கு ஒன்றுமாக உலகுக்கு மருந்தீந்த இந்நகரில் வாழும் எம்மவருட் பலர், பல்வலி கண்டால் இன்றும் வலிக் குளிசையையும், வீட்டில் எஞ்சிக் கிடக்கும் அன்ரிபயோட்டிக்கையுமே நம்பி நாட்களைக் கடத்துகின்றனர்.

அது வீண் நம்பிக்கை. பல்லின் நடுவே நரம்பும் குருதிக்குழாய்களும் அடங்கிய பற்கூழ் உள்ளது. சூத்தை அதனை எட்டிக் கூழ் இறந்துவிட்டால் அங்கு குருதியோட்டம் இல்லை. குருதி செல்லாத இடத்துக்கு மருந்தும் செல்வதில்லை. வலி தானாக அடங்கியதைக் கண்டு நோய் தீர்ந்தது என மகிழ்வோர், நரம்பு செத்ததனால் வலி அடங்கியிருக்கலாம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வாறு அடங்கிய காலத்திலேயே கிருமிகள் வேர்நுனித் துளையினூடாகத் தாடையென்பை அரிக்கின்றன. 1965 இல் அமெரிக்காவில் ககேஹாஷியும் அவர் துணைவரும் எலிகளின் பற்கூழைத் திறந்துவிட்டுப் பார்த்தனர். கிருமியற்ற சூழலில் வளர்த்த எலிகளில் கூழ் ஆறியது. சாதாரண எலிகளிலோ அழுகிச் சீழ் கட்டியது. (எம்மூரில் அஸ்பிரினை முரசில் வைத்து அடக்கும் வழக்கம் ஒன்றிருந்தது. அது முரசை வேகவைக்குமேயன்றி வேறொன்றும் செய்யாது.)

இறந்த கூழை அகற்றி, வேரின் கால்வாயைக் கழுவித் துப்புரவாக்கி, குட்டாபேர்ச்சா என்னும் பொருளால் நுனிவரை அடைப்பதே வேர்க்கால்வாய்ச் சிகிச்சை. குட்டாபேர்ச்சா என்பது மலாயாக் காட்டு மரமொன்றின் பால். மலாயன் பென்சனியர்களைக் கண்டு வளர்ந்த யாழ்ப்பாணத்தவருக்கு இப்பெயர் முற்றிலும் அந்நியமாக இராது.

வேர்நுனி நலமா என்பதை அறிய எக்ஸ்றே படமே பெருந்துணை. அக்கதிரைக் கண்டவரும் இவ்வயலைச் சேர்ந்தவரே. வுப்பர்டாலின் தெற்கு எல்லையை ஒட்டியுள்ள றெம்சைட் நகரின் லென்னெப் பகுதியில் 1845 இல் பிறந்தவர் வில்ஹெல்ம் றொன்ற்கன். அவர் பெயரிலான அருங்காட்சியகம் அங்கு உள்ளது. 1895 நவம்பரில் அவர் கதிரைக் கண்டார். 1896 ஜனவரியில் பிறவுண்ஷ்வைக் நகரத்துப் பல்வைத்தியர் ஒற்றோ வால்க்கொஃப் தம் பற்களையே படமெடுத்தார். அதற்கு அவர் 25 நிமிடம் அசையாதிருக்க நேர்ந்தது. இன்றைய படத்தில் வேர்நுனியைச் சூழக் கருநிழல் தெரிந்தால் அங்கு என்பு கரைந்துள்ளது எனக் கொள்ளலாம். சிகிச்சை நன்றாயின் நிழல் மெல்லச் சுருங்கும். முற்றாக மறைய நான்கு ஆண்டுகள் வரை செல்வதும் உண்டு.

இனி, எம்மவர் பெரிதும் அறியாத விடயத்துக்கு வருவோம். கால்வாயை அடைத்ததோடு பல் காப்பாற்றப்பட்டதாகாது. மேலே வாய்ப்பக்கமாக உள்ள துவாரம் உமிழ்நீர் புகாவண்ணம் மூடப்படல் வேண்டும். 1990 இல் வெளியான தொறாபிநெஜாட் குழுவினரின் ஆய்வில், வேர் நிரப்பிய பற்களின் மேற்புறத்தைத் திறந்துவைத்துக் கிருமிகளை விட்டபோது, ஒருவகைக் கிருமி 19 நாட்களிலேயே பாதிக்கு மேற்பட்ட வேர்களை முழுநீளமும் ஊடுருவியிருந்தது. மற்றொரு வகைக்கு 42 நாட்கள் தேவைப்பட்டன. 1995 இல் பிலடெல்பியாவில் றே, ட்றோப் ஆகிய இருவரும் 1010 பற்களின் படங்களை ஆராய்ந்தனர். வேர்நிரப்பும் மேல்நிரப்பும் நன்றாயிருந்தவற்றில் 91.4 வீதமானவற்றின் நுனி நலமாயிருந்தது. இரண்டும் பழுதானவற்றில் 18.1 வீதமே. வேர்நிரப்பு நன்றாயிருந்தும் மேல்நிரப்பு பழுதானவற்றில் 44.1 வீதம். வேர்நிரப்பின் தரமே முதன்மையானது என 2000 ஆம் ஆண்டின் நோர்வே ஆய்வு கூறியமையால் இவ்விவாதம் ஓய்ந்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை. ஆயினும் மேல்மூடி கசிந்தால் கேடு என்பதில் இரு தரப்பினரும் ஒன்றுபடுகின்றனர்.

பல்லின் மேற்பகுதி பெரிதும் உடைந்துபோனால் உறையைத் தாங்க அங்கு ஒன்றும் எஞ்சுவதில்லை. அப்போது வேரின் கால்வாயினுள் ஒரு முளையை இறக்கி அதன்மேல் கட்டுவர். ஜேர்மன் மொழியில் இது 'ஷ்ரிஃப்ற்' எனப்படும். 1728 இலேயே பிரெஞ்சு வைத்தியர் பியேர் ஃபோஷார் பொன், வெள்ளி முளைகளை விவரித்துள்ளார். முளை பல்லை வலுப்படுத்தும் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவிற்று. 1984 இல் சொறென்சன், மாற்றினொஃப் ஆகியோர் 1273 பற்களை ஆராய்ந்தபோது அதற்குச் சான்று கிடைக்கவில்லை. கடைவாய்ப் பற்களைக் காத்தது அவற்றை மூடிய உறையே. முளையின் வேலை மேற்கட்டைப் பிடித்துவைப்பது மட்டுமே. அதற்கும் ஒரு விலையுண்டு: முளைக்கு இடம்விட வேர்நிரப்பின் மேற்பகுதியைத் தோண்டி எடுக்கவேண்டும். சுவீடனில் 1989 இல் வெளியான ஆய்வில், முளைக்குக் கீழே 3 மில்லிமீற்றருக்குக் குறைவாக நிரப்பு எஞ்சிய வேர்களிலேயே நுனிநோய் அதிகமாகக் காணப்பட்டது. ஆகையால் 4, 5 மில்லிமீற்றராவது எஞ்சவேண்டும் என்பது இன்றைய விதி. கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் முளையே தேவையில்லை. கூழ் இருந்த அறையே மேற்கட்டைப் பிடித்துக்கொள்ளும்.

இங்கேதான் சட்டம் குறுக்கிடுகின்றது. 1993 நவம்பர் 1 இல் நடைமுறைக்கு வந்த புகலிடக் கோரிக்கையாளர் உதவிச் சட்டத்தின் 4 ஆம் பிரிவு, கடும் நோய்க்கும் வலிக்குமே சிகிச்சை வழங்குகின்றது. செயற்கைப் பல் வேலையோ மருத்துவ நோக்கில் ஒத்திவைக்க முடியாததாயின் மட்டுமே கிடைக்கும். வேர்க்கால்வாய்ச் சிகிச்சை முதல் வகையிற் சேரக்கூடும். முளையும் உறையும் ஜேர்மன் காப்புறுதி விதிகளின்படி இரண்டாம் வகை. ஒரே பல்லின் வேர் சட்டத்தின் இப்பக்கமும் அதன் முடி அப்பக்கமுமாக நிற்கின்றன! வேர் நிரப்பி, தற்காலிக வெண்பசையால் மூடி, 'மிகுதியைப் பின்னர் பார்ப்போம்' என அனுப்பப்பட்டோர் எம்மிடையே உளர். அப்பசை சில வாரங்களுக்கே உரியது. 'பின்னர்' என்பதோ எப்போது? வழமையான காப்புறுதிக்கு நிகரான சிகிச்சை பெறக் காத்திருக்கும் காலம் முதலில் 12 மாதங்களாயிருந்தது. 1997 இல் 36, 2007 இல் 48 என நீண்டு, 2015 இல் 15 ஆகக் குறைந்து, 2019 இல் 18 ஆகி, 2024 பெப்ரவரியில் மீண்டும் 36 மாதங்களாக்கப்பட்டது. 19 நாட்களையும் 36 மாதங்களையும் வாசகர் ஒப்பிட்டுக்கொள்ளட்டும். காசை மிச்சப்படுத்த வகுத்த விதி, காசு கொடுத்துச் செய்த சிகிச்சையைப் பாழாக்கி, ஈற்றில் பல்லைப் பிடுங்கவும் காசு கொடுக்கின்றது. இதனை அறியாமை என்பதா, அகதிகளை வரவிடாது தடுக்கும் உபாயம் என்பதா? எமக்கு இரண்டாவதே உண்மையெனத் தோன்றுகின்றது.

எனினும் இவ்விதிக்குள்ளும் வழியுண்டு. நிரப்புதல் செயற்கைப் பல் வேலை அன்று, அது சிகிச்சையே. ஆகவே வேர் நிரப்பிய கையோடு, தற்காலிகப் பசைக்குப் பதிலாக நிரந்தர நிரப்பு வைக்குமாறு வைத்தியரிடம் கேட்கவேண்டும். 'டெஃபினிற்றிவ ஃபியூலுங்' என்பது சொல்லவேண்டிய சொற்றொடர். மொழிபெயர்க்கப் பிள்ளையைக் கூட்டிச் செல்பவர்கள் இதனைத் தாளில் எழுதிக்கொடுத்தல் நன்று. பத்து வயதுப் பிள்ளை வேர்நுனியைப் பற்றி எவ்வாறு விளக்கும்? முளை வைப்பதாகச் சொன்னால் அது எதற்கு என்றும், கீழே எத்தனை மில்லிமீற்றர் நிரப்பு எஞ்சும் என்றும் வினவுவதில் தவறில்லை. உறை அவசியமாயின், தாமதித்தால் பல் போய்விடும் என்பதை வைத்தியர் எழுத்தில் தரவேண்டும். சமூகநல அலுவலகத்தில் அக்கடிதமே பேசும். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் எழுத்திலான மறுப்பைக் கேட்டு வாங்குங்கள். அது கையில் இருந்தால் ஆட்சேபனை தெரிவிப்பது இலகு.

காப்புறுதி அட்டையுள்ள குடும்பங்களுக்கும் ஒரு சொல். 2020 ஒக்ரோபர் முதல் முளைக்கும் உறைக்குமான நிர்ணயத் தொகையில் 60 வீதத்தைக் காப்புறுதி தருகின்றது. ஆண்டுதோறும் பல்லைக் காட்டிப் போனஸ் கொப்பியில் முத்திரை பெற்றோருக்கு ஐந்து ஆண்டுகளின் பின் 70, பத்து ஆண்டுகளின் பின் 75 வீதம். வருமானம் குறைந்தோர் விண்ணப்பித்தால் சாதாரண வகை முழுவதும் கிடைக்கும். செலவுத் திட்டத்தின் அனுமதி கிடைக்குமுன் வேலையைத் தொடங்கலாகாது.

புகலிடம் கோரியோர் நகருக்கு நகர் மாற்றப்படுவது வழக்கம். புதிய ஊரின் வைத்தியருக்குப் பழைய எக்ஸ்றே இல்லாவிடில், வேர்நுனியின் கருநிழல் வளர்கின்றதா சுருங்குகின்றதா எனச் சொல்லமுடியாது. ஐயத்தின்பேரில் ஆறிவரும் பல்லையும் பிடுங்கக்கூடும். மருத்துவப் பதிவுகளின் பிரதியைப் பெறுவது நோயாளியின் உரிமை. ஜேர்மன் பல்வைத்தியர் ஒருவரிடம் நோயாளி கேட்ட பிரதி தொடர்பான வழக்கிலேயே, முதற்பிரதி இலவசமாக வழங்கப்படவேண்டும் என ஐரோப்பிய நீதிமன்றம் 2023 ஒக்ரோபரில் தீர்ப்பளித்தது. மாற்றக் கடிதம் வந்த அன்றே சென்று படத்தையும், சிகிச்சை செய்த திகதியையும் கேட்டு வாங்கி, அகதி ஆவணங்களோடு ஒரே கோவையில் வைத்துக்கொள்ளுங்கள்.