பதிவில்லாத குழுவுக்கு நிதி எப்படி வரும்?

மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாயில் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்து, வரத்துக்கால்வாயைச் சீர்செய்ய ஊர் இளைஞர்கள் கூடிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜேசிபி வாடகையை ஏற்க ஒரு கம்பெனியும் தயார். ஆனால் அங்கிருந்து வரும் முதல் கேள்வியே, "டிரஸ்ட் பேர் என்ன, 80ஜி வரிச்சலுகை இருக்கா?" என்பதுதான்.

டிரஸ்டைப் பதிவு செய்வது எளிது. சிக்கல் அதற்குப் பிறகு. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியை வாங்கிச் செலவிடும் தொண்டு அமைப்புக்கு அதே மாதிரி வேலையில் குறைந்தது 3 ஆண்டு அனுபவம் வேண்டும். வெளிநாட்டு நன்கொடைக்கான பதிவுக்கோ 3 வயதோடு, அந்த 3 ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவழித்த கணக்கும் வேண்டும். காசில்லாமல் அனுபவம் வராது. அனுபவம் இல்லாமல் காசு வராது.

இதற்கு ஒரு வழி, ஏற்கெனவே பதிவும் தணிக்கையும் ஒழுங்காக உள்ள அறக்கட்டளை ஒன்றின் குடைக்குள் போவது. நன்கொடை அதன் வங்கிக் கணக்குக்கு வரும்; ரசீதும் அதன் பெயரில்தான். திட்டத்துக்கென்று தனிக் கணக்கு எழுதி, நிர்வாகச் செலவுக்கு ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் இது பெரும்பாலும் நூற்றுக்கு 5 முதல் 15 வரை. அங்கே 1976இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய டைட்ஸ் போன்ற அமைப்புகள் இதையே முக்கியப் பணியாகச் செய்கின்றன.

மதுரைக்கு இதன் நெருங்கிய உறவு ஒன்று தெரியும். 1983இல் டெல்லியில் பிறந்த பிரதான் அமைப்பின் மதுரைத் திட்டமாகத்தான் 1990இல் களஞ்சியம் மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992இல் கண்மாய்களுக்கான வயலகம் வந்தது. இரண்டுக்கும் அப்போது தனிச் சட்ட உருவம் கிடையாது. 1997இல்தான் வாசிமலை தலைமையில் தானம் அறக்கட்டளை தனியே பிறந்தது. பின்னர் களஞ்சியமும் வயலகமும்கூடத் தனித்தனி அறக்கட்டளைகள் ஆயின. அழகர்கோவில் பக்கத்துப் புல்லுசேரியின் களஞ்சியத் தலைவி சின்னப்பிள்ளையின் காலை 2001இல் பிரதமர் வாஜ்பாய் தொட்டு வணங்கியபோது நாடு திரும்பிப் பார்த்ததே, அந்தக் களஞ்சியத்தின் முதல் ஏழு ஆண்டுகள் இன்னொரு அமைப்பின் பதிவில் கழிந்தவை. கூட்டம் சேர்ந்த மறுவாரமே லெட்டர்பேட் அடிக்கப் புறப்படுவோர் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

ஆனால் அன்றைய சட்டம் இன்று இல்லை. 2020 செப்டம்பரில் வந்த திருத்தத்துக்குப் பின், வெளிநாட்டு நன்கொடையை வாங்கிய அமைப்பு அதை வேறு எவருக்கும் கைமாற்றக் கூடாது, வாங்குபவரும் பதிவு பெற்றவராகவே இருந்தாலும். நிர்வாகச் செலவு வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகச் சுருங்கியது. உள்நாட்டுப் பணத்திலும் பிடி இறுகியது: ஓர் அறக்கட்டளை இன்னோர் அறக்கட்டளைக்குக் கொடுக்கும் நன்கொடையில் 85 சதவீதத்தை மட்டுமே அறச்செலவாகக் காட்டலாம் என்றது 2023 நிதிச் சட்டம். சிறு அமைப்புகளுக்கு விழுந்த அடி இது என்றே நினைக்கிறேன். விளைவு, குடை தரும் தாய் அறக்கட்டளை வெளிநாட்டுப் பணத்தை வாங்கிக் கொடுக்கும் இடைத்தரகராக இருக்க முடியாது; உள்நாட்டுப் பணத்திலும் அது கடினம். திட்டத்தைத் தன் சொந்த வேலையாகவே ஏற்று நடத்த வேண்டும்: ஜேசிபி பில் அதன் பெயரில், சம்பளம் அதன் பதிவேட்டில். கரை உடைந்து வயல் மூழ்கினால் வக்கீல் நோட்டீஸும் அதன் முகவரிக்கே வரும்.

அதனால் வாய்ப்பேச்சு போதாது. யார் கையெழுத்தில் பணம் வெளியேறும், எத்தனை நாளில் வரும், பிடித்தம் எவ்வளவு என்று எழுதிக்கொள்ள வேண்டும். பலரும் விட்டுவிடுவது பிரிவு பற்றிய பத்தியை. குழு நாளைக்குத் தனி டிரஸ்ட் ஆனால் மீதிப் பணமும் வாங்கிய மோட்டாரும் யாருக்கு? திட்டத்தின் பெயர் யாருக்கு? கையெழுத்திடும் முன் இதை ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது. அந்த ஆடிட்டர் தாய் அறக்கட்டளையின் ஆடிட்டராக இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.