வங்கி கம்ப்யூட்டருக்கு வராத ரஸ்ட்: ‘கிட்’ மென்பொருளுக்கு என்ன சிக்கல்?

ஏடிஎம்மில் கார்டைச் செருகும்போது, அந்தப் பணப் பரிமாற்றம் பின்னால் எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தில் நடக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. உலகின் பல வங்கிகளில் அது ‘நான்ஸ்டாப்’. 1970-களில் அமெரிக்காவின் டேண்டம் நிறுவனம் உருவாக்கியது. இப்போது ஹியூலெட் பேக்கர்ட் என்டர்பிரைஸ் வசம் இருக்கிறது. ஒரு பாகம் பழுதானாலும் இன்னொன்று வேலையைத் தொடரும். அதனால்தான் அந்தப் பெயர்.

இந்த சிஸ்டத்துக்கு கோடு எழுதுபவர்களுக்கு 2025-ல் ஒரு தலைவலி வந்து சேர்ந்தது. கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்யும் ‘கிட்’ மென்பொருள் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. அதன் 3.0 வெர்ஷன் முதல் ரஸ்ட் மொழி கட்டாயம் என்று டெவலப்பர்கள் திட்டமிட்டார்கள். மெமரி பிழைகளை ரஸ்ட் பெருமளவு தடுக்கும் என்பதால், முடிவில் நியாயம் உண்டு. ஆனால், நான்ஸ்டாப்புக்கு ரஸ்ட் கம்பைலரே கிடையாது.

‘இல்லைன்னா இன்ஸ்டால் பண்ணிக்க வேண்டியதுதானே?’

அவ்வளவு சுலபமில்லை. ரஸ்ட் கம்பைலர் ரஸ்டிலேயே எழுதப்பட்டது. அதை உருவாக்க, ஏற்கெனவே ஓடும் ஒரு ரஸ்ட் கம்பைலர் வேண்டும். தயிர் தோய்க்கத் தயிர் வேண்டும் என்கிற கதைதான். பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் வாங்குவதுபோல, லினக்ஸ் கம்ப்யூட்டரில் வைத்தே வேறொரு சிஸ்டத்துக்கான கம்பைலரை உருவாக்கலாம். கிராஸ் கம்பைலிங் என்பது இதுதான். இதுவரைக்கும் சமாளித்துவிடலாம்.

அடுத்ததுதான் பெரிய முட்டுக்கட்டை. ரஸ்ட் கம்பைலர் சிப்புக்குப் புரியும் கட்டளைகளைத் தானே தயாரிப்பதில்லை. அந்த வேலையை எல்எல்விஎம் என்ற மென்பொருளிடம் ஒப்படைக்கிறது. இன்றைய நான்ஸ்டாப் இயந்திரங்களில் இருப்பது எல்எல்விஎம் நன்றாக அறிந்த இன்டெல் சிப்தான். ஆனால், இன்டெல் சிப் ஓர் எண்ணின் சிறிய பகுதியை முதலில் வைக்கும். பழைய புரோகிராம்கள் அப்படியே ஓட வேண்டும் என்பதற்காக, நான்ஸ்டாப் பெரிய பகுதியை முதலில் வைக்கிறது. இன்டெல் சிப்பில் இப்படியொரு வழக்கம் இருக்கும் என்று எல்எல்விஎம் எதிர்பார்ப்பதே இல்லை. இன்னொரு பிரபல கம்பைலரான ஜிசிசியும் நான்ஸ்டாப்புக்கு இல்லை.

இதைத் தாண்டினாலும் ஃபைல், த்ரெட், நெட்வொர்க் என ஒவ்வொன்றுக்கும் ரஸ்ட் லைப்ரரியில் தனி கோடு எழுத வேண்டும். ஒருமுறை எழுதிவிட்டு ஒதுங்கவும் முடியாது. ஆறு வாரத்துக்கு ஒரு புது ரஸ்ட் வெர்ஷன் வருகிறது, ஒவ்வொரு முறையும் ஏதாவது உடையலாம். ஆர்வமுள்ள இளைஞர்கள் வீட்டில் உட்கார்ந்து செய்கிற காரியமாகவும் இது தெரியவில்லை. சிஸ்டத்தின் உள்விவரங்கள் நிறுவனத்தின் கையில் இருக்கின்றன.

இதனால் ஏடிஎம் எதுவும் நின்றுவிடாது. ஆனால், வங்கிக்கான கோடைப் பாதுகாக்கும் கருவிக்கே செக்யூரிட்டி அப்டேட் வராமல் போவது சின்ன விஷயமில்லை. 3.0-க்கு முந்தைய கடைசி வெர்ஷனுக்குச் சில காலம் பிழைதிருத்தங்கள் தருவதாக கிட் தரப்பு சொல்லியிருக்கிறது. கம்பைலரைக் கொண்டுவர நான்ஸ்டாப்புக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான்.