கலைஞர்களின் கடிதங்களும் பொது ஆவணக்காப்பகமும்: வான் கோ கடிதங்களை முன்வைத்து

ஓவியர் ஒருவர் எழுதிய கடிதங்கள் அவர் விட்டுச்சென்ற தாள்களுக்கிடையே பெரும்பாலும் கிடைப்பதில்லை. பெற்றவர்களிடமே அவை எஞ்சுகின்றன. கலைஞர்தம் தனித்தாள்களைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வுகள் பலவற்றில் இவ்வடிப்படை உரிய கவனம் பெறுவதில்லை.

வின்சென்ட் வான் கோவின் கடிதங்களை இங்கே சான்றாகக் கொள்ளலாம். 2009இல் வெளிவந்த முழுமைப் பதிப்பில் இடம்பெற்ற 902 கடிதங்களுள் 800க்கும் மேற்பட்டவை அவர் எழுதியவை. அவருக்கு வந்தவை 100கூட இல்லை. தம்பி தியோ அண்ணனின் கடிதங்களைப் பேணிவைத்தார். ஊர்விட்டு ஊர் பெயர்ந்த வின்சென்ட்டோ தமக்கு வந்தவற்றுள் மிகுதியானவற்றை வைத்துக்கொள்ளவில்லை. பணம் குறித்தும் ஓவிய விற்பனை குறித்தும் சகோதரரிடையே எழுந்த பூசல்களில் இன்று நமக்குக் கேட்பது பெரிதும் ஒரு தரப்பின் குரலே. தியோவைப் பற்றி உறுதியான முடிவுரைப்போர் இதனை மறந்துவிடுகின்றனர்.

1891இல் தியோ மறைந்தபின் கடிதக்கட்டு அவர் மனைவி யோ வான் கோ-போங்கரிடம் வந்தது. பல கடிதங்களில் தேதியில்லை. உள்ளடக்கத்தைக் கொண்டே வரிசைப்படுத்தவேண்டியிருந்தது. அவர் 1914இல் வெளியிட்ட பதிப்பில் சில பெயர்கள் முதலெழுத்துகளாகச் சுருங்கின. சில பகுதிகள் விடுபட்டன. குடும்பத்தார் பலர் அன்று உயிருடன் இருந்தமையால் இது புரிந்துகொள்ளத்தக்கதே. மூலத்தாள்களை அவர் அழிக்கவில்லை என்பதே முதன்மையானது. 1960இல் உருவான வின்சென்ட் வான் கோ அறக்கட்டளையின் வழி அவை பொதுப்பயன்பாட்டுக்கு வந்தன. 1973இல் ஆம்ஸ்டர்டாமில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. விடுபட்டவற்றைப் பிற்காலப் பதிப்பாளர் மீட்டது மூலத்தாள் இருந்ததனாலேயே.

சிதறிய தாள்களை ஒருங்கே காண்பதற்கு வேறொரு வழியை 1954இல் டெட்ராய்ட்டில் தோன்றிய அமெரிக்கக் கலை ஆவணக்காப்பகம் மேற்கொண்டது. பிற நிறுவனங்களிடமுள்ள தாள்களை நுண்படச்சுருளில் படியெடுத்துச் சேர்த்தது. 1970இல் அது ஸ்மித்சோனியன் நிறுவனத்துடன் இணைந்தது. மூலத்தை இடம்பெயர்க்காமல் ஒரு கடிதத்தையும் அதன் மறுமொழியையும் அருகருகே வைத்துப் படிக்க இம்முறை இடந்தருகிறது.

தாள் காப்பகத்துக்கு வருவதனால் பதிப்புரிமையும் உடன்வருவதில்லை. கடிதம் பெற்றவருக்குத் தாள் உரியது. சொற்கள் எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியவை. ஆதலின் கொடையாவணத்தில் மேற்கோள் உரிமையையும் குறிப்பிட்ட காலம் வரையிலான மூடலையும் தனித்தனியே எழுதிப் பெறுதல் வேண்டும். முப்பது ஆண்டுகள் மூடிவைக்கக் கேட்கும் குடும்பத்தாரிடம் காப்பாளர் தயங்காது இசையலாம். அவ்விசைவு மறுக்கப்படும்போதுதான் வீட்டார் கடிதங்களை எரிக்க எண்ணுகின்றனர்.