நினைவில் நிறுத்துதல்

பிள்ளைச்சாவடியில் என் வீட்டு மாடியில் ஒரு பொறியியல் மாணவன் குடியிருக்கிறான். தேர்வுக் காலம் வந்துவிட்டால், கடலோசையையும் மீறி அவன் உரக்கப் படிக்கும் குரல் கீழே கேட்கும். ஒரே பாடத்தை ஐந்து முறை, ஆறு முறை படிப்பான். எனினும் சென்ற ஆண்டு இரண்டு தாள்களில் தவறிவிட்டான். "ஐயா, எனக்கு ஞாபகசக்தியே இல்லை, படிப்பை விட்டுவிடலாமா என்று பார்க்கிறேன்" என்று அவன் சொன்னபோது என் நெஞ்சு கனத்தது.

மாணவ நண்பர்களே, குறை அவன் மூளையில் இல்லை. எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து மறதியை அளந்து, 1885-இல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்திற்குள் கற்றதன் பயனில் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது! ஆகவே, மறப்பது ஒருவனுக்கு மட்டும் வாய்த்த குற்றமன்று.

2006-இல் அமெரிக்க அறிஞர்களான ரோடிகரும் கார்ப்பிக்கியும் கல்லூரி மாணவர்க்கு ஓர் உரைப்பகுதியைக் கொடுத்தனர். ஒரு சாரார் அதனை நான்கு அமர்வுகளில் படித்தனர். மற்றொரு சாரார் ஓர் அமர்வில் மட்டும் படித்து, மூன்று அமர்வுகளில் பாராமல் எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்தோ, அவர்கள் நினைவில் நின்றது நூற்றுக்கு 40 பங்கு. எழுதிப் பார்த்தவர்கள் நினைவில் 61 பங்கு. என் மாணவனை ஏமாற்றியது அந்த ஐந்து நிமிடத் தெளிவுதான்.

நம் திண்ணைப் பள்ளி ஆசிரியர்கள் இதனை எந்தச் சோதனைச்சாலையும் இன்றியே உணர்ந்திருந்தனர் போலும். மாலையில் வீடு செல்லும் பிள்ளைகளிடம் ஒரு பூவின் பெயரையோ பறவையின் பெயரையோ சொல்லியனுப்புவர். மறுநாள் காலையில் அதனை மறவாமல் சொல்லவேண்டும். உ. வே. சாமிநாதையர் தம் சுயசரிதையில் இவ்வழக்கத்தைக் குறித்திருக்கிறார். (அங்கே கிடைத்த தண்டனைகளையும் குறித்திருக்கிறார்; அவற்றிற்கு நான் பரிந்து பேசவில்லை.)

"ஒரு முறை கருத்தூன்றிப் படி. புத்தகத்தை மூடி, வெள்ளைத்தாளில் எழுது. விடுபட்டதை மட்டும் திரும்பப் பார். மறுநாளும், நான்கு நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் இவ்வாறே செய். தூக்கத்தைக் குறைக்காதே, கற்றது உறுதிப்படுவதற்கு அதுவும் வேண்டும்" என்றேன்.

முதல் நாள் அவன் தாளில் பாதிக்கு மேல் வெறுமை. "படிக்கும்போது எல்லாம் தெரிந்ததே, ஐயா!" என்று கலங்கினான். அந்த வெறுமையைத் தேர்வு மண்டபத்தில் காண்பதைவிட என் திண்ணையில் கண்டது நல்லதாயிற்று என்றேன்.

எட்டாம் நாள் அதே பாடத்தை எழுதத் தொடங்கியவன், தாள் போதவில்லை என்று கீழே இறங்கி வந்து இன்னொன்று கேட்டு வாங்கிச் சென்றான்.