ஸரந்தீபிலிருந்து போன ஒரு சொல்

ஆங்கிலத்தில் 'செரண்டிபிட்டஸ்' என்றொரு பெயரடை உண்டு. நமது பாடப் புத்தகங்களில் அதைக் காண்பது அரிது. ஒன்றைத் தேடப் போய், தேடாத வேறொரு நல்ல பொருளோ உண்மையோ கிடைத்தால் அதை இச்சொல்லால் சுட்டுவார்கள். தமிழில் 'தேடாமல் கிட்டிய' என்பது ஓரளவு பொருந்தும்.

இதன் வேர் நமது நாட்டிலேயே இருக்கிறது. அரபு வணிகர்கள் இலங்கையை ஸரந்தீப் என்று அழைத்தார்கள். ஆதம் நபி இறங்கியதாகச் சொல்லப்படும் பாவாத மலையைப் பற்றிய பழைய பயணக் குறிப்புகளிலும் இப்பெயரே வருகிறது. 'சிங்ஹளத்வீப' என்ற வடமொழிப் பெயரின் திரிபே இது என்பது பலரின் கருத்து. சேரன் தீவு என்பாரும் உளர்.

ஸரந்தீபின் மூன்று இளவரசர்கள் பற்றிய பாரசீகக் கதையொன்று 1557இல் வெனிஸ் நகரில் இத்தாலிய மொழியில் அச்சானது. அவர்கள் காணாத ஒட்டகமொன்றைப் பற்றி, அதற்கு ஒரு கண் குருடு, ஒரு கால் நொண்டி, ஒரு பல் இல்லை என்று சரியாகச் சொல்கிறார்கள். பாதையின் ஒரு பக்கத்துப் புல் மட்டுமே, அதுவும் மட்டமான புல், மேயப்பட்டிருந்ததால் குருடு என்று அறிந்தார்களாம். இவ்வளவு சொன்னதற்குப் பரிசு, ஒட்டகத் திருடர்கள் என்று சிறைவாசம்! ஒட்டகம் அகப்பட்ட பிறகே விடுதலை.

இக்கதையை நினைவில் வைத்துத்தான் ஹொரஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் 1754 ஜனவரி 28ஆம் திகதி நண்பருக்கு எழுதிய கடிதத்தில் 'செரண்டிபிட்டி' என்ற பெயர்ச்சொல்லை உருவாக்கினார். பெயரடை இருபதாம் நூற்றாண்டில்தான் பரவியது.

இப்போது பலர் இதை வெறும் அதிர்ஷ்டம் என்ற பொருளில் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வால்போல் தற்செயலோடு கூர்மதியையும் சேர்த்தே சொன்னார். 1928இல் அலெக்சாண்டர் பிளெமிங்கின் தட்டில் பூஞ்சணம் வளர்ந்தது தற்செயல். அதைச் சுற்றிப் பக்டீரியா அழிந்திருந்ததைக் கவனித்தது அவரது கூர்மை.

எதிர்பாராத எல்லாவற்றுக்கும் இச்சொல் பொருந்தாது. மீளக் குடியேறி, தோட்டம் கொத்தும்போது மண்வெட்டியில் வெடிபொருள் தட்டுப்பட்டால் அதுவும் தேடாமல் கிடைத்ததுதான். வன்னியில் யாரும் அதை இச்சொல்லால் அழைக்கமாட்டார்கள். காணி உறுதியைத் தேடிப் பெட்டியைக் கிளறும்போது, இடம்பெயர்வில் தொலைந்ததென்று நினைத்த உம்மம்மாவின் படம் கிடைத்தால் தாராளமாக எழுதலாம்.

ஆளைக் குறிக்க இதைப் பயன்படுத்துவது வழக்கமில்லை. சந்திப்பு, கண்டுபிடிப்பு, நிகழ்வு ஆகியவற்றின் முன்னே வரும். உச்சரிக்கும்போது 'டிப்' என்ற அசையை அழுத்த வேண்டும். நமது பழைய 'தீப்' ஒளிந்திருப்பதும் அங்கேதான்.